கொம்பு இடம் மாறிய வரைபடம்

அந்தமான் கடலைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருக்கிறது கம்ப்யூட்டர். அந்தச் சதுரங்களில் தமிழ் எழுத்துக்கு இடம் கிடைப்பது மட்டும் சுலபமாக இல்லை.

சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையில் உள்ள கடலைக் கடக்கக் கப்பலில் மூன்று நாள் ஆகும். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். இன்டர்நெட் வரைபடத்தில் அந்தக் கடல் ஒரே ஒரு சதுரம்தான். அதற்கு விலாசமும் உண்டு: 6/47/29. ஆறாவது மட்டம், 47வது நிரல், 29வது வரிசை என்று பொருள். அதே வரிசையில் சென்னை 46வது சதுரத்தில் இருக்கிறது; போர்ட் பிளேர் 48வது சதுரத்தில். நடுவே உள்ள 47ல் தீவு இல்லை, திட்டு இல்லை. ஒரு பாறைகூட இல்லை. சுத்தமான நீலம்.

வேலை நிமித்தம் அந்தமானுக்கும் சென்னைக்கும் பல வருஷங்களாகப் போய் வருகிறவன் நான். படித்தது தமிழ் இலக்கியம். பிழைப்பு, பத்திரிகையும் மொழிபெயர்ப்பும். வரைபடத்துக்கும் எனக்கும் சம்பந்தம் ஏற்பட இரண்டு காரணங்கள். ஒன்று, தீவுகளைப் பற்றி எழுதுகிற எவனும் ஊர்ப் பெயர்களில் கால் இடறாமல் போக முடியாது. இன்னொன்று, தமிழில் நான் எழுதிக் கொடுத்த ஊர்ப் பெயர்கள் வரைபடத்தில் ஏறியபோது வேறு ஏதோ மொழியாக மாறியிருந்த அனுபவம். அந்தக் கதைக்குப் போகுமுன் இந்தச் சதுரங்களைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்றால் தமிழ் லெக்சிகனின் எல்லாத் தொகுதிகளையும் யாரும் வீட்டுக்குத் தூக்கி வருவதில்லை. வேண்டிய பக்கத்தை மட்டும் புரட்டுகிறோம். இன்டர்நெட் வரைபடமும் இப்படித்தான் வேலை செய்கிறது. உலகம் முழுவதையும் முதலில் ஒரே சதுரமாக வரைகிறார்கள். பக்கத்துக்கு 256 புள்ளிகள். அது பூஜ்ஜியமாவது மட்டம். அடுத்த மட்டத்தில் அந்தச் சதுரம் நான்காகிறது. அதற்கடுத்ததில் பதினாறு. மட்டம் ஒன்று ஏற ஏற எண்ணிக்கை நான்கு மடங்காகிறது. பதினெட்டாவது மட்டத்துக்குப் போனால் உலகம் 6,871 கோடிச் சதுரங்களாகச் சிதறிவிடும். அங்கே ஒரு சதுரம் என்பது பூமத்திய ரேகையருகே சுமார் 150 மீட்டர். ஒரு தெரு முனையும் நாலு கடையும்.

நம் திரையில் ஒரு சமயத்தில் தெரிவது இருபது முப்பது சதுரங்கள்தான். வரைபடத்தை விரலால் இழுக்கும்போது, எந்தெந்தச் சதுரங்கள் புதிதாகத் தேவை என்று பிரவுசர் கணக்குப் போட்டு, அவற்றின் எண்ணைச் சொல்லிக் கேட்கிறது. எங்கோ இருக்கும் சர்வர் எடுத்துக் கொடுக்கிறது. தையல் தெரியாமல் ஒட்டவைப்பது பிரவுசரின் வேலை. 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வந்தபோது உலகம் வாயைப் பிளந்தது இதைப் பார்த்துத்தான். அதற்கு முன்பு வரைபடத்தை ஓர் அங்குலம் நகர்த்த வேண்டுமானாலும் அம்புக்குறியை அழுத்திவிட்டு, முழுப் பக்கமும் மறுபடி வரக் காத்திருக்க வேண்டும்.

6,871 கோடிச் சதுரங்களையும் யாராவது வரைந்து அடுக்கி வைத்திருக்கிறார்களா என்று கேட்கலாம். இல்லை. உலகின் பெரும்பகுதி கடல். கடல் சதுரங்கள் அத்தனையும் ஒரே மாதிரி நீலம். ஒரே ஒரு நீலச் சதுரத்தை வைத்துக்கொண்டு, கேட்கும் இடத்துக்கெல்லாம் அதையே கொடுத்தால் போதும். அது நூற்றுச் சொச்சம் பைட்தான். மூன்று நாள் கப்பல் பயணம் ஒரு தபால் அட்டையில் அடங்கும் எழுத்தைவிடக் குறைவான இடத்தில் முடிந்துபோகிறது. தரை இருக்கும் சதுரங்களிலும், யாரும் எட்டிப் பார்க்காத காட்டையும் பாலைவனத்தையும் பெரும்பாலும் முன்கூட்டியே வரைவதில்லை. முதல் ஆள் கேட்கும்போது வரைந்து கொடுத்துவிட்டு, அடுத்த ஆளுக்காகப் பத்திரப்படுத்திக்கொள்கிறார்கள்.

வரைந்தாகிவிட்டது. இனி அனுப்ப வேண்டும். அந்தமான்காரர்களுக்கு இந்தப் பாடம் மற்ற இந்தியர்களைவிட நன்றாகவே தெரியும்.

2020 ஆகஸ்ட் 10 வரை தீவுகளின் இன்டர்நெட் வானத்தின் வழியாகத்தான் வந்தது. செயற்கைக்கோள் பூமிக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கிறது. போர்ட் பிளேரிலிருந்து ஒரு கேள்வி மேலே ஏறி, கீழே இறங்கி, பதில் மறுபடி மேலே ஏறி, கீழே இறங்கி வர வேண்டும். மொத்தம் 1,44,000 கி.மீ. ஒளியின் வேகத்தில் போனாலும் கிட்டத்தட்ட அரை விநாடி. அரை விநாடி பெரிய விஷயமா என்று தோன்றும். கடிதத்துக்கு இல்லை, வரைபடத்துக்கு உண்டு. வரைபடம் என்பது ஒரு கேள்வியல்ல. இருபது முப்பது கேள்விகள். அந்நாளைய பிரவுசர்களில் பல, ஒரு சர்வரிடம் ஒரே சமயத்தில் இரண்டு சதுரங்களைத்தான் கேட்கும். இருபத்துநான்கு சதுரங்களுக்குப் பன்னிரண்டு நடை. தூரத்துக்கு மட்டுமே ஆறு விநாடி. அதற்கு மேல், ஒரு குறுகிய குழாயை ஊரே பங்கிட்டுக்கொள்ளும் நெரிசல்.

அபர்தீன் பஜார் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. சாம்பல் நிறக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறம் பெறும். ஜங்கிலிகாட் வந்துவிடும், ஹாடோ வராது. நடுவில் மின்சாரம் போகும். வரைபடம் போடுகிற கம்பெனிகளும் இந்த நெருக்கடிக்கு ஒரு தந்திரம் வைத்திருந்தன. ஒரே சர்வருக்கு மூன்று நான்கு பெயர் சூட்டினார்கள். நாலு வெவ்வேறு ஆட்கள் என்று நினைத்துக்கொண்டு பிரவுசர் ஒவ்வொருவரிடமும் இரண்டிரண்டாகக் கேட்கும்.

2020ல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தது. சுமார் 2,300 கி.மீ. போர்ட் பிளேரோடு நிற்காமல் ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் ஐலண்ட், ரங்கத் வரை போகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. ஓடும். சென்னைக்குப் போய்வர விநாடியில் மிகச் சிறிய ஒரு பங்குதான். பிரவுசர்களும் இதற்குள் மாறிவிட்டன. ஒரே இணைப்பில் முப்பது சதுரங்களையும் சேர்த்துக் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டன. சாம்பல் கட்டங்களை இன்று போர்ட் பிளேர் பையன்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

இத்தனை தூரத்தைச் சமாளிக்க இன்னொரு உபாயமும் உண்டு. ஒருமுறை வந்த சதுரத்தைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்வது. வழியிலுள்ள சர்வர்கள் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். நம் பிரவுசரும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். அடுத்த முறை கேட்டால் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போகாமல் கைவசம் உள்ளதையே காட்டும். வேகத்துக்கு நல்லது. ஆனால் உலகம் மாறிவிட்டால்?

அந்தமான் நிக்கோபாரில் உலகம் ஒரே காலையில் மாறியது. 2004 டிசம்பர் 26ன் பூகம்பமும் சுனாமியும் உயிர்களை மட்டும் வாங்கவில்லை. தீவுகளையே சாய்த்துவிட்டன. வடக்கு அந்தமானில் தரை உயர்ந்து பவளப்பாறைகள் வெளியே தெரிந்தன. தெற்கே நிக்கோபாரில் தரை இறங்கியது. நாட்டின் தென்கோடியான இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. தரையில் நின்ற கலங்கரை விளக்கம் தண்ணீரில் நின்றது. டிரிங்கெட் தீவு துண்டுபட்டது. போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் சிப்பிகாட்டில் வயலாக இருந்த இடம் இன்று உப்புநீர்.

அன்றைய வரைபடங்களுக்கு இது எதுவும் தெரியாது. 2004ல்தான் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொதுமக்கள் வரைபடத்தின் ஆரம்பகாலக் கடற்கரைக் கோடுகளில் பெரும்பாலானவை 2000ஐ ஒட்டி எடுத்த செயற்கைக்கோள் படங்களிலிருந்து வந்தவை. அதாவது சுனாமிக்கு முந்தைய கரை. எங்கெங்கோ இருந்த தன்னார்வலர்கள் புதிய படங்களைப் பார்த்துக் கோட்டைத் திருத்த வேண்டியிருந்தது. அவர்கள் திருத்தினாலும் அது நம் கண்ணுக்கு வர நாலு படி இறங்க வேண்டும். தகவல் திரட்டில் திருத்தம். சர்வரில் பழைய சதுரத்தை அழித்துப் புதியதை வரைவது. வழியிலுள்ள பிரதிகள் காலாவதியாவது. கடைசியாக நம் பிரவுசரில் உள்ள பிரதி. புத்தகத்தில் பிழைதிருத்தம் அச்சடித்து, ஏற்கெனவே விற்றுப்போன பிரதிகளுக்குள் அதைச் செருகுவது எவ்வளவு சிரமம் என்று அச்சகம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்.

இங்கேதான் என் கதை வருகிறது.

சில வருஷங்களுக்கு முன் ஓர் அமைப்புக்காகச் சுனாமி முன்னெச்சரிக்கைக் கையேடு ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தேன். தீவுகளில் தமிழர் எண்ணிக்கை சிறியதல்ல. 2011 கணக்கெடுப்பில் 3.8 லட்சம் பேரில் சுமார் 15 சதவிகிதத்தினரின் தாய்மொழி தமிழ். கையேட்டோடு ஓர் இன்டர்நெட் வரைபடமும் இருந்தது. சைரன் ஒலித்தால் எந்த மேட்டுக்கு ஓட வேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கலாம், துறைமுகம் பக்கம் எங்கே போகக் கூடாது. நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களைத் தமிழில் தட்டச்சு செய்து, சரிபார்த்து அனுப்பினேன்.

முன்னோட்டம் பார்க்கச் சிலரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர் கச்சால் தீவிலிருந்து வந்தவர். கச்சாலில் ரப்பர் தோட்டம் உண்டு. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களை அங்கே குடியமர்த்தினார்கள். சுனாமியில் மிகக் கடுமையாக அடிபட்ட தீவுகளில் கச்சாலும் ஒன்று. பெரியவர் கைபேசியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, இது மலையாளமா?" என்றார்.

"தமிழ்தான் ஐயா."

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் தம்பி. இது தமிழ் இல்லை."

அவர் சொன்னது சரி. "மேடு" என்ற சொல்லில் இரட்டைக் கொம்பு மகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. "டு" உடைந்து டகரம் தனியாகவும் உகரக் குறி தனியாகவும் கிடந்தன. "துறைமுகம்" சொல்லவே வேண்டாம். ஐந்தெழுத்தில் மூன்று நொறுங்கியிருந்தன. நான் அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்தேன். அங்கே ஒவ்வோர் எழுத்தும் ஒழுங்காக இருந்தது. வரைபடத்தில் ஏறும்போதுதான் உடைந்தது.

ஏன்? காரணத்தைத் தேடிப் போனபோது, வரைபடத் தொழிலில் நடந்துவந்த ஒரு பெரிய மாற்றம் பிடிபட்டது. முதலில் நான் சொன்ன சதுரங்கள் படங்கள். சர்வரே கோடு போட்டு, நிறம் தீட்டி, பெயரும் எழுதி, முடிந்த படமாக அனுப்பும். பிரவுசருக்கு ஒட்டுகிற வேலை மட்டுமே. 2010க்குப் பிறகு மெல்ல வேறொரு முறை பரவியது. படத்துக்குப் பதிலாகத் தகவலையே அனுப்புவது. இங்கிருந்து இங்கே ஒரு கோடு, அது சாலை. இந்த வளைவுக்குள் நீர். இந்தப் புள்ளியின் பெயர் இது. சதுரத்துக்குள் பக்கத்துக்கு 4,096 கட்டங்கள் வைத்து எல்லாவற்றையும் எண்களாகக் குறித்துவிடுகிறார்கள். வரைகிற வேலை நம் கைபேசிக்கு, அதிலும் விளையாட்டுகளுக்கென்று செய்த கிராஃபிக்ஸ் சிப்புக்கு.

லாபங்கள் நிறைய. வரைபடத்தைச் சுழற்றினால் எழுத்து தலைகீழாகாது. இடைப்பட்ட மட்டங்களிலும் கோடு மங்காது. எல்லாவற்றையும்விட, பெயர் படத்தோடு ஒட்டிக்கொள்வதில்லை. ஒரே தகவலை வைத்து வங்காளிக்கு வங்காளத்திலும் தெலுங்கருக்குத் தெலுங்கிலும் தமிழருக்குத் தமிழிலும் காட்டலாம். மொழிபெயர்ப்பாளனுக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன?

ஆனால் பெயரை எழுதுகிற கை இப்போது சர்வரிடம் இல்லை. தமிழ் எழுத்து கம்ப்யூட்டரில் உச்சரிப்பு வரிசையில் பதிவாகிறது. முதலில் மகர மெய்யும் அகரமும் சேர்ந்த "ம", பிறகு ஏகாரக் குறி. எழுதும்போது கொம்பை முன்னால் நகர்த்தி வைக்க வேண்டும். "கொ" போன்ற எழுத்தில் ஒரே குறியை இரண்டாகப் பிளந்து இருபுறமும் நிறுத்த வேண்டும். "டு" என்றால் இரண்டையும் உருக்கி ஒன்றாக வார்க்க வேண்டும். சர்வரில் படம் வரைந்த மென்பொருளில் இந்த இலக்கணம் இருந்தது. பிரவுசரும் சாதாரண வாக்கியங்களில் இதைப் பிசகாமல் செய்கிறது. ஆனால் கிராஃபிக்ஸ் சிப்பில் வரைகிற பிரபல வரைபட மென்பொருள்கள் எழுத்துகளை 256 குறிகள் கொண்ட பொட்டலங்களாகத் தருவித்து, எண்ணுக்கு ஓர் உருவம் என்று வரிசையாக அடுக்கும் வழியை எடுத்தன. ஆங்கிலத்துக்கு அது போதும். சீனத்துக்கும் போதும். அரபிக்கென்று தனித் துணை மென்பொருள் சேர்த்தார்கள். தமிழ், இந்தி, பர்மியம், கெமர் ஆகியவை பல வருஷங்கள் வாசலிலேயே நின்றன. தன்னார்வ புரோகிராமர்கள் சிலர் சேர்ந்த வடிவங்களை முன்கூட்டியே தயாரித்துப் பொட்டலத்தில் ஏற்றும் வழியை முயன்றிருக்கிறார்கள்.

இலக்கணம் படித்தவனுக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும். உயிர்மெய் என்பது இரண்டு ஒலிகளின் கூட்டு, ஆனால் ஓர் எழுத்து என்று நாம் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்கிறோம். கோடிக்கணக்கான சதுரங்களைக் கணக்கிடும் இயந்திரத்துக்கு அந்த ஒரு சூத்திரம் எட்டவில்லை. எட்டவில்லை என்பதைவிட, அது தேவை என்று அதைச் செய்த மேஜையில் இருந்தவர்களுக்குத் தோன்றவில்லை.

எங்கள் கையேட்டுக்கு முடிவில் பழைய வழியே கை கொடுத்தது. தமிழ்ப் பிரதிக்கு மட்டும் சர்வரில் வரைந்த படச் சதுரங்களைப் போட்டார்கள். அழகு கொஞ்சம் குறைந்தது. பெரியவர் "மேடு" என்று உரக்க வாசித்தார். "எந்தப் பக்கம் ஓடணும்னு தெரியத்தானே படம்?" என்று கேட்டுவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். அந்தச் சதுரங்கள் கைபேசியிலேயே சேமித்து வைக்கும்படியும் அமைந்தன. நல்ல யோசனை. கேபிள் வந்துவிட்டாலும் சிக்னல் கிடைக்காத கரைகளும் கடலும் இங்கே ஏராளம். அலை வருகிற நேரத்தில் டவர் நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இப்போது உலகத்தின் அடிப்படை வரைபடம் முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டி, அதில் வேண்டிய தீவுகளை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும் வசதிகள் வந்துவிட்டன.

எழுத்து சரியாகிவிட்டாலும் எந்தப் பெயரை எழுதுவது என்ற கேள்வி தீர்வதில்லை. இந்தத் தீவுகளில் பெயர்கள் கப்பல் ஏறி இறங்கியபடியே இருக்கின்றன. ஆர்ச்சிபால்ட் பிளேர் கடற்கரைகளை அளந்து 1789ல் குடியேற்றம் அமைத்தபோது, இன்று நாம் சொல்லும் போர்ட் பிளேருக்குப் போர்ட் கார்ன்வாலிஸ் என்று பெயர். 1792ல் குடியேற்றம் வடக்கே இடம் மாறியபோது பெயரும் கூடவே போய்விட்டது. 2018 டிசம்பரில் ராஸ், நீல், ஹேவ்லாக் தீவுகள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு, ஷஹீத் தீவு, ஸ்வராஜ் தீவு ஆயின. 2023 ஜனவரியில் 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா பெற்ற வீரர்களின் பெயர்கள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆனது. முதலாம் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி நிக்கோபாரை மாநக்கவாரம் என்று சொல்கிறது. ஆயிரம் வருஷமாக ஒரு தமிழ்ப் பெயர் கல்லில் இருக்கிறது, வரைபடத்தில் இல்லை.

படச் சதுரங்களின் காலத்தில் ஓர் இடத்துக்கு ஒரு பெயர்தான் எழுத முடியும். எழுதுகிறவர் வைத்ததே பெயர். தகவல் சதுரங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரே புள்ளிக்கு அதிகாரபூர்வப் பெயர், பழைய பெயர், உள்ளூர்ப் பெயர், ஒவ்வொரு மொழியிலும் பெயர் என்று தனித்தனியே பதிய இடம் இருக்கிறது. அரசாணை சொல்வதும், ஜெட்டியில் டிக்கெட் கேட்கிறவர் வாயில் வருவதும், சோழன் கல்லில் வெட்டியதும் அடுத்தடுத்து உட்காரலாம். ஒன்றை எழுத இன்னொன்றை அழிக்க வேண்டியதில்லை.

ஆனால் காலிக் கட்டத்தை நிரப்ப ஆள் வேண்டும். 2010 ஜனவரியில் போவா சீனியர் என்ற மூதாட்டி இறந்தபோது, கிரேட் அந்தமானிய மொழிகளில் ஒன்றான 'போ' மொழியைப் பேசக் கடைசி ஆளும் இல்லாமல் போனது. இந்தக் கடற்கரைகளுக்கும் ஓடைகளுக்கும் குன்றுகளுக்கும் அந்த மொழியில் இருந்த பெயர்களை இனி எந்த சர்வரிடம் கேட்பது? நூறு மொழிக்கு வரைபடத்தில் இடம் இருக்கிறது; சொல்லத்தான் வாய் இல்லை.

தமிழுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வாயும் இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது, தட்டச்சு தெரிந்த விரல்களும் இருக்கின்றன. அந்தமானில் தமிழர் வாழும் எத்தனையோ கிராமங்களின் தமிழ்ப் பெயர்க் கட்டம் நான் பார்த்தபோதெல்லாம் காலியாகவே இருந்தது. இப்போது வாரத்துக்குப் பத்துப் பெயர் வீதம் சேர்த்து வருகிறேன். பெயரைத் தட்டியதும் முதலில் பார்ப்பது கொம்பு தன் இடத்தில் நிற்கிறதா என்பதைத்தான்.